மூன்றாம் தளமும் சாய்ந்த மைதானமும்

"அடிக்குப் பயப்படாத பொடியனாப் பாத்து தேர்ட் பேஸில விடு, மத்ததெல்லாம் தானா வரும்" என்பது எங்கள் பக்கத்தில் பேஸ்போல் பழக்குகின்ற மூத்த பயிற்றுநர் ஒருவரின் உறுதியான கொள்கை. அவர் கிரிக்கெட்டில் நெடுங்காலம் ஊறிய பிறகு இந்த விளையாட்டுக்கு வந்தவர். பிள்ளைகளுக்காகக் கைக்காசைச் செலவழிக்கத் தயங்காதவர். நான் மனமார மதிக்கின்ற மனிதர். ஆனாலும் இந்தக் கொள்கையை மட்டும் என்னால் ஏற்க முடிந்ததில்லை. பல்கலைக்கழகக் காலத்தில் மூன்றாம் தளத்தில் நின்று ஆடியவன் நான். இப்போது மட்டக்களப்பின் கல்லடியில் மாலை வேளைகளில் பிள்ளைகளின் பயிற்சிக்கு உதவுகிறேன். அந்த இடத்துக்குத் துணிச்சல் வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் துணிச்சலை மட்டும் பார்த்து ஆளைத் தெரிவு செய்பவர்கள், அங்கே நடக்கின்ற வேலையில் பெரும்பகுதியைக் காணாமலே போய்விடுகிறார்கள். கடந்த மாரிக்குப் பின் நடந்த ஓர் ஆட்டத்தில் ஒரு பையன், செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்துவிட்டு, அதற்காகவே பலர் முன்னிலையில் கோழை என்று பேச்சு வாங்கினான். அன்றிலிருந்து இந்த விடயம் மனதில் கிடந்து அரித்துக்கொண்டே இருக்கிறது.

முதலில் துணிச்சலின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அடிப்பவர் நிற்கின்ற இடம் ஹோம் பிளேட்; ஓடுபவர் மூன்று தளங்களையும் சுற்றி அங்கே திரும்பி வந்தால் ஓர் ஓட்டம். அந்த ஹோம் பிளேட்டிலிருந்து மூன்றாம் தளம் 90 அடி, அதாவது 27.43 மீற்றர். உலகத் தரத்திலான ஆட்டத்தில் மட்டையிலிருந்து மணிக்கு 160 கிலோமீற்றர் வேகத்தில் புறப்படும் பந்து இந்தத் தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 0.6 வினாடி போதும். எங்கள் பிள்ளைகளின் ஆட்டத்தில் வேகம் குறைவுதான். மணிக்கு 110 கிலோமீற்றர் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு வினாடிக்குள் பந்து காலடிக்கு வந்துவிடும். வலக்கையால் அடிப்பவர்கள்தான் அதிகம் என்பதாலும், அவர்கள் பந்தை முழு விசையோடு இழுத்து அடிக்கும்போது அது மூன்றாம் தளத்தின் பக்கமாகவே வருவதாலும், அமெரிக்கர்கள் இந்த இடத்தைச் சூடான மூலை என்கிறார்கள். பிடித்தவுடன் வேலை முடிந்துவிடுவதுமில்லை. அங்கிருந்து முதலாம் தளத்துக்குக் குறுக்கே 38.8 மீற்றர்; தளங்களைச் சுற்றிய உள்வட்டத்தில் நிற்பவர்களுக்கு வாய்க்கின்ற எறிகளில் மிக நீளமானவற்றுள் இதுவும் ஒன்று. நெஞ்சில் பட்டாலும் பரவாயில்லை, பந்தை முன்னால் விழ வைத்து எடுத்து எறி என்று நானும் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு. பந்து வரும்போது முகத்தைத் திருப்புகின்ற பிள்ளையை அங்கே நிறுத்துவது அந்தப் பிள்ளைக்கே ஆபத்து.

ஆனால் இவ்வாறு முகத்துக்கு நேரே வருகின்ற பந்துகள் ஓர் ஆட்டத்தில் எத்தனை? பெரும்பாலான நேரம் மூன்றாம் தளத்தில் நிற்பவன் செய்வது வேறு வேலை. பந்தெறிபவர் ஒவ்வொரு முறை கையை உயர்த்தும்போதும் அவன் தனக்குள் ஒரு கணக்கை முடித்திருக்க வேண்டும். பண்ட், அதாவது மட்டையைக் கிடையாகப் பிடித்துப் பந்தை மெதுவாக உருள விடுகின்ற அடி, வரக்கூடும் என்றால் தளத்துக்கு முன்னால் ஏறி நிற்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு மூன்று எட்டுப் பின்னாலும், ஹோமிலிருந்து மூன்றாம் தளம் வழியாகப் போகின்ற பக்கக் கோட்டை விட்டுச் சற்றுத் தள்ளியும் நிற்க வேண்டும். கடைசி நேரத்தில் ஓர் ஓட்டத்தால் முன்னணியில் இருந்தால், கோட்டோரமாகப் பறந்து இரண்டு தளங்களைக் கொடுத்துவிடக்கூடிய அடியைத் தடுக்கக் கோட்டை ஒட்டி நிற்க வேண்டும். இடது வெளிக்களத்திலிருந்து ஹோமுக்கு வருகின்ற எறியை நடுவில் நின்று வெட்டிப் பிடிப்பதா, போகவிடுவதா என்பதும் அவன் பொறுப்புத்தான். பந்து வந்த பிறகு இவற்றையெல்லாம் யோசிக்க நேரமில்லை. வேகம் என்று நாம் வியந்து பார்ப்பது பலவேளைகளில் முன்கூட்டியே முடிந்துவிட்ட யோசனை.

அமெரிக்காவின் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியில் மூன்றாம் தளத்தில் ஆடிய புரூக்ஸ் ரொபின்சனை இதற்குச் சான்றாகச் சொல்வேன். 23 பருவங்கள் ஒரே அணிக்காக ஆடி, 1960 முதல் 1975 வரை தொடர்ந்து 16 முறை, சிறந்த களத்தடுப்புக்கான கோல்ட் குளவ் விருதைப் பெற்றவர். ஓட்டத்தில் மெதுவானவர், எறியும் கையும் அசாதாரணமானது அல்ல என்பதைப் பேஸ்போல் அறிந்த எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். 1970இல் சின்சினாட்டி ரெட்ஸுக்கு எதிராக நடந்த, அமெரிக்காவின் ஆண்டு இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸின் முதல் ஆட்டத்தில், லீ மே அடித்த பந்தைத் தளத்துக்குப் பின்னால் புறங்கைப் பக்கமாகப் பாய்ந்து பிடித்தார். பிடித்த விசையில் உடல் கோட்டைத் தாண்டி வெளியே இழுபட, அங்கிருந்தே திரும்பி முதலாம் தளத்துக்கு எறிந்து அவரை ஆட்டமிழக்கச் செய்தார். அந்தத் தொடரின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே கிடைத்தது. பலர் இந்தக் காட்சியில் பாய்ச்சலைப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது கடைசிப் பகுதி. அந்த எறி நேரே போகவில்லை. ஒரு முறை நிலத்தில் குத்தி எழும்பித்தான் முதலாம் தளக்காரரின் கைக்குப் போனது. வேர்ல்ட் சீரிஸ் ஆட்டமொன்று செயற்கைப் புற்றரையில் நடந்தது அதுவே முதல் தடவை. அந்தத் தரையில் பந்து குறையில்லாமல், சீராக எழும்பும். உடல் முழுவதும் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும்போது, தன்னால் முடியாத ஒரு நேர் எறியை முயன்று பாழாக்காமல், தரை தருவதை வாங்கிக்கொண்டார் என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

கல்லடி மண்

தரை என்று சொன்னவுடன் எங்கள் மைதானத்துக்கு வந்துவிட வேண்டியிருக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கின்ற நிலத் துண்டில், மணலும் இடையிடையே இறுகிய தரையும் கலந்த ஒரு வெளி அது. எங்கள் ஹோம் பிளேட் தெற்கு முனையில் இருப்பதால் மூன்றாம் தளம் வாவிப் பக்கமாக விழுகிறது. மாரி மழை வெள்ளம் வாவியை நோக்கி வடிந்து வடிந்து அந்தப் பக்கத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் சாய்த்து வைத்திருக்கிறது. தை, மாசியில் தண்ணீர் வற்றியதும் மேல்மண் அப்பளம்போலக் காய்ந்து நிற்கும். பந்து அதில் பட்டால் சில இடங்களில் சறுக்கிக்கொண்டு வரும், காய்ந்த தோல் உடைந்த இடங்களில் புதைந்து நின்றுவிடும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசத் தொடங்கினால் மண் முழுவதும் பொரிந்து தூளாகி, கோடு போட்ட சுண்ணாம்பையே காற்று அள்ளிக்கொண்டு போகும். நெருஞ்சி முள்ளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கிரிக்கெட்டில் பழகிய பிள்ளை, பந்து வரும்போது பக்கவாட்டில் ஒரு முழங்காலை ஊன்றித் தடுப்புப் போடும். அது எல்லைக்கோட்டில் நான்கு ஓட்டங்களைத் தடுக்க உதவும். மூன்றாம் தளத்தில் முழங்காலை ஊன்றியவன் எழும்பி எறிவதற்குள் ஓடுபவர் முதலாம் தளத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்.

வெயிலும் அங்கே ஓர் ஆட்டக்காரர்தான். மாலையில் சூரியன் வாவிக்கு மேலே இறங்கும்போது, மூன்றாம் தளத்திலிருந்து புறப்படும் எறி முதலாம் தளத்தில் நிற்பவனின் கண்ணுக்குச் சூரியனுக்குள்ளிருந்தே வரும். உயரமாக எறிந்தால் அவனுக்குப் பந்து தெரியாது. ஆகவே ஐந்து மணிக்குப் பிறகு தாழ எறி, வேண்டுமானால் ஒரு குத்து விழட்டும் என்பது எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் முதலில் சொல்லிக்கொடுக்கும் பாடங்களில் ஒன்று. அதேபோல் கோட்டுக்கு வெளியே உயரக் கிளம்பும் பந்தைக் கச்சான் காலத்தில் காற்று மைதானத்துக்குள் தள்ளிவிடும். வாடைக் காலத்தில் வாவிப் பக்கம் கொண்டுபோய்விடும். ஆண்டின் ஒரு பாதியில் பின்னோக்கி ஓட வேண்டியவன் மறுபாதியில் முன்னோக்கி ஓட வேண்டும்.

இந்த ஊருக்கு அமெரிக்கர்கள் விளையாட்டைக் கொண்டுவராமலில்லை. நியூ ஓர்லியன்ஸ் பகுதியிலிருந்து 1940களின் பிற்பகுதியில் வந்த இயேசு சபைத் துறவிகளில் வெபர் அடிகளாரின் பெயரால்தான் நகரின் விளையாட்டரங்கு இன்றும் அழைக்கப்படுகிறது. 1990 ஓகஸ்டில் காணாமற்போன ஹேபர்ட் அடிகளார் புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பழக்கிய கூடைப்பந்தாட்டம் ஒரு தலைமுறையின் பெருமையாக இருந்தது. அவர்களுடைய நாட்டின் விளையாட்டான பேஸ்போல் ஏன் இங்கே வேர்விடவில்லை என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். கூடைப்பந்துக்கு 28 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமும் கொண்ட ஒரு சீமெந்துத் தரை போதும். ஒருமுறை போட்டுவிட்டால் பல ஆண்டுகளுக்குக் கவலையில்லை. பேஸ்போலின் உள்வட்டம் நாள்தோறும் வாரி, நனைத்து, அழுத்திப் பார்க்கப்பட வேண்டிய நிலம். அந்தப் பராமரிப்புக்கு இங்கே யாரிடமும் பணமிருந்ததில்லை என்பதே காரணமாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். இப்போதும் ஒழுங்கான பேஸ்போல் மைதானத்தில் ஆட வேண்டுமென்றால், ஜப்பானின் உதவியோடு கொழும்புப் பக்கம் ஹோமாகம தியகமவில் அமைக்கப்பட்ட மைதானத்துக்கு இரவு ரயிலேறிப் போக வேண்டும்.

நன்றாகப் பராமரித்த தரையும் மூன்றாம் தளக்காரரைக் கைவிட்டதுண்டு. கல்லடிப் பழைய பாலம் திறக்கப்பட்ட அதே 1924ஆம் ஆண்டில், வொஷிங்டனில் வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டம் நடந்தது. நியூயோர்க் ஜயன்ட்ஸ் அணியின் மூன்றாம் தளத்தில் நின்ற பிரெடி லின்ட்ஸ்ட்ரொமுக்கு அப்போது 18 வயது. எட்டாவது இன்னிங்ஸில் அவரை நோக்கி வந்த சாதாரணத் தரைப்பந்து ஒன்று திடீரென எழும்பி அவர் தலைக்கு மேலாகப் போக, ஆட்டம் 3–3 என்று சமநிலைக்கு வந்தது. பன்னிரண்டாவது இன்னிங்ஸில் ஏர்ல் மெக்நீலி அடித்த பந்தும் அதேபோல அவர் தலையைத் தாண்டியது. வொஷிங்டன் 4–3 என்று வென்றது. பந்து ஒரு சிறு கல்லில் பட்டது என்றுதான் இன்றுவரை சொல்கிறார்கள். அந்தப் பையனிடம் துணிச்சல் குறைந்திருந்தது என்று யாரும் சொல்லவில்லை. பின்னாளில் அவர் பேஸ்போல் புகழ் மண்டபத்திலும் இடம்பெற்றார். எவ்வளவு நெஞ்சுரம் இருந்தாலும் கல் கல்தான். அந்தக் கதையை வாசித்த நாளிலிருந்து, ஆட்டத்துக்கு முன் எங்கள் மூன்றாம் தளத்தைச் சுற்றிக் குனிந்து கல் பொறுக்குவதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயமாக்கியிருக்கிறேன்.

கோட்டின் மேல் ஒரு பந்து

இனி, மாரிக்குப் பிந்திய அந்த ஆட்டம். எதிரணி அம்பாறைப் பக்கத்திலிருந்து வந்திருந்தது. கடைசி இன்னிங்ஸ், நாங்கள் ஓர் ஓட்டத்தால் முன்னணி, ஒருவர் ஆட்டமிழந்திருந்தார், மூன்றாம் தளத்தில் அவர்களுடைய ஓடுபவர் ஒருவர் நின்றார். எங்கள் மூன்றாம் தளக்காரன், பதினாறு வயது, மெலிந்த உடம்பு, அதிகம் பேசாதவன். அடிப்பவர் மட்டையைக் கிடையாகப் பிடித்ததும், தளத்திலிருந்த ஓடுபவர் பந்து எறியப்படும்போதே ஹோமை நோக்கிப் புறப்பட்டுவிட்டார். பண்ட் அருமையாக விழுந்தது. பந்து மூன்றாம் தளக் கோட்டை ஒட்டி, உள்ளே ஒரு சாண் தள்ளி, சோம்பலாக உருண்டு வந்தது.

எங்கள் பையன் பாய்ந்து வந்து பந்துக்கு மேலே குனிந்தான். அந்தக் கணத்தில், ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நிற்கின்ற கெட்சர் "பேர்ஸ்ட்! பேர்ஸ்ட்!" என்று கத்தினான், வெளியே நின்ற எல்லோரும் "எடு, எறி" என்று கூவினார்கள். எடுத்து முதலாம் தளத்துக்கு எறிந்திருந்தால் அடித்தவர் நிச்சயம் ஆட்டமிழந்திருப்பார். ஆனால் ஓடுபவர் அதற்குள் ஹோமைத் தொட்டுவிட்டதால் ஆட்டம் சமநிலைக்கு வந்திருக்கும். பையன் எடுக்கவில்லை. கையுறையைப் பந்துக்குப் பின்னாலும் வெறுங்கையை அதற்கு மேலே நான்கு விரல் உயரத்திலும் வைத்துக்கொண்டு, குனிந்தபடியே பந்தோடு கூட நடந்தான். பந்து சுண்ணாம்புக் கோட்டின் மேல் ஏறியது. ஏறியதும் அதன் தையலில் வெள்ளை ஒட்டிக்கொள்வதுகூட எனக்குத் தெரிந்தது. அவ்வளவு மெதுவாக உருண்டது. கோட்டின் மேலேயே சிறிது தூரம் போனது. கோட்டின் மேல் இருக்கும் வரைக்கும் அது உள்ளே இருக்கின்ற பந்துதான். அங்கேயே நின்றுவிட்டால் அடித்தவரும் தப்பினார், ஓட்டமும் போயிற்று. பிறகு அது வாவிப் பக்கமாக ஒரு மயிரிழை சாய்ந்தது, இன்னும் சாய்ந்தது, கோட்டை விட்டு இறங்கியது. கோட்டுக்கும் பந்துக்கும் இடையில் மண் தெரிந்த உடனேதான் அவன் அதைக் கையால் தட்டி வெளியே எறிந்தான். நடுவர் இரண்டு கைகளையும் உயர்த்தி பவுல், அதாவது கோட்டுக்கு வெளியே போன பந்து, என்றார். ஹோமைத் தொட்டுவிட்டு நண்பர்களின் தோளில் கைபோட்டு நின்ற ஓடுபவர் மீண்டும் மூன்றாம் தளத்துக்கு நடந்து வர வேண்டியதாயிற்று.

அதற்கு அடுத்த பந்தை அடிப்பவர் இடது வெளிக்களத்துக்கு அடித்தார், ஓட்டம் வந்தது, பின்னர் இன்னுமோர் ஓட்டமும் வந்து நாங்கள் தோற்றோம். தோற்றதால்தான் பேச்சும் கடுமையானது. தேநீர் குடிக்கக் கூடியிருந்த இடத்தில் அந்த மூத்த பயிற்றுநர், "என்ன மனே, பந்தைக் கண்டு பயந்து போனியா? கையில இருந்த ஆளையும் விட்டுப்போட்டு நிண்டாயே" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். வீட்டுக்குப் போகும் வழியில் நான் தனியாகக் கேட்டபோதுதான் சொன்னான்: "சேர், மேட்ச்சுக்கு முதல் நாலைஞ்சு பந்தை அந்தக் கோட்டுல உருட்டிப் பாத்தன். வெள்ளைக்கு வந்தா வாவிப் பக்கம்தான் இழுக்குது. ஓடினவன் ஹோமுக்குப் போயித்தான், அங்க எறிஞ்சும் வேலையில்ல. அதுதான் விட்டன்."

இந்தப் பதிலுக்குள் எத்தனை விடயங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஹோமில் ஆளைப் பிடிக்க முடியாது என்ற கணக்கு. முதலாம் தளத்தில் ஆளைப் பிடித்தால் ஓட்டத்தை விலையாகக் கொடுக்க வேண்டும் என்ற கணக்கு. பந்து மூன்றாம் தளத்தைக் கடப்பதற்கு முன் யாரும் தொடாமல் கோட்டுக்கு வெளியே போனால் ஓடுபவர் திரும்ப வேண்டும் என்ற விதி. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மண் எந்தப் பக்கம் சாய்கிறது என்று யாரும் சொல்லாமலே தானாகத் தேடிக்கொண்ட அறிவு. சுற்றி நின்ற அத்தனை பேரும் கத்தும்போது கையைப் பந்துக்கு மேலே வைத்துக்கொண்டு தொடாமல் நடப்பதற்கு வேண்டிய நெஞ்சுரம், நெஞ்சில் அடி வாங்குவதற்கு வேண்டியதைவிடக் குறைந்தது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அமெரிக்காவின் உயர்மட்டப் போட்டியான மேஜர் லீக்கிலேயே இந்தக் கோட்டுப் பந்து பெரிய ஆட்டக்காரர்களைப் படாதபாடு படுத்தியிருக்கிறது. 1981 மே மாதம் சியாட்டில் மரினர்ஸ் அணியின் மூன்றாம் தளக்காரர் லெனி ரண்டில், கன்சாஸ் சிட்டியின் ஏமோஸ் ஓட்டிஸ் அடித்த பந்து கோட்டோரமாக உருண்டபோது, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றிப் படுத்து வாயால் ஊதினார். பந்து வெளியே போனது. நடுவர் முதலில் பவுல் என்றார், பின்னர் தீர்ப்பை மாற்றி ஓட்டிஸுக்கு முதலாம் தளத்தைக் கொடுத்தார். அவர்கள் ஆடிய செயற்கைத் தரையில் பந்தைச் சாய்ப்பதற்குச் சரிவு எதுவும் இருந்திருக்காது. ஊதித்தான் பார்க்க வேண்டும். பந்தின் போக்கை மாற்றுவதற்கு ஆட்டக்காரருக்கு உரிமையில்லை. அது தானாக எங்கே போகும் என்று அறிந்து காத்திருப்பதற்கு எல்லா உரிமையும் உண்டு. எங்கள் பையன் செய்தது இதைத்தான்.

யாரை நிறுத்துவது

மூத்தவரோடு இதைப் பற்றி நான் பலமுறை பேசிவிட்டேன். பந்து கோட்டின் மேலேயே நின்றிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று அவர் கேட்கிறார். அது நியாயமான கேள்விதான். நின்றிருந்தால் இரண்டும் போயிருக்கும். ஓட்டமும் போய், அடித்தவரும் தப்பி, இன்னும் மோசமான நிலையில் நின்றிருப்போம். அந்த ஆபத்தைத் தெரிந்துகொண்டே அவன் காத்திருந்தான் என்பதுதான் என் பதில். உருட்டிப் பார்க்காமல் காத்திருந்தால் அது சூதாட்டம். பார்த்துவிட்டுக் காத்திருந்ததால் அது கணிப்பு. அவர் தலையை ஆட்டுகிறார், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. கிரிக்கெட்டில் கைக்கு வந்த ஆட்டமிழப்பை விடுவது பெரும்பாவம் என்று பழகிய மனம் இதை ஏற்க நாளெடுக்கும் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் நாட்டின் மட்டைப்பந்து விளையாட்டான எல்லே ஆடிவிட்டு வருகின்ற பிள்ளைகளிடம் நான் இதற்கு மாறான ஒன்றைக் காண்கிறேன். கையுறை இல்லாமல் பந்தை எடுத்து, ஓடுகின்ற ஆள்மேலேயே எறிந்து பழகிய அவர்கள், வெறுங்கையால் பந்தை அள்ளி ஓடியபடியே எறிவதில் கெட்டிக்காரர்கள். மெதுவாக உருளும் பந்துகளுக்கு அது மிகச் சிறந்த பயிற்சி. எங்கே எறியாமல் இருக்க வேண்டும் என்பதைத்தான் அவர்களுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

வரும் பருவத்துக்கான அணியைத் தெரிவு செய்ய விரைவில் கூடப்போகிறோம். மூன்றாம் தளத்துக்கு மூத்தவர் மனதில் வைத்திருப்பது தோள் அகன்ற, எதற்கும் அஞ்சாத வேறொரு பையனை. அவனுடைய எறி உண்மையிலேயே பலமானது என்பதை நானும் மறுக்கவில்லை. நான் அன்று பந்தைத் தொடாமல் காத்திருந்த இவனைத்தான் கேட்கப் போகிறேன். இவனிடம் குறை இல்லாமலில்லை. களைத்துவிட்டால் முழங்கை தாழ்ந்து எறி வலப்பக்கமாக வளைகிறது, 38.8 மீற்றர் அவன் தோளுக்கு இன்னும் தூரம். பங்குனி முழுவதும் 20 மீற்றரில் தொடங்கி வாரத்துக்கு வாரம் தூரத்தைக் கூட்டி, மாலை வெயிலில் தாழ எறிந்து ஒரு குத்தில் போய்ச் சேரும்படி பழக்கலாம் என்று திட்டமிட்டிருக்கிறேன். எறியைப் பழக்கிக் கொடுக்க எனக்குத் தெரியும். ஆட்டத்துக்கு முன் யாரும் கேட்காமல் கோட்டோரம் குந்தியிருந்து பந்தை உருட்டிப் பார்க்கின்ற குணத்தை எப்படிப் பழக்குவது என்றுதான் எனக்குத் தெரியாது, அது அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று கூட்டத்தில் சொல்வேன்.